மார் ஏர்ல் பட்டம்: ஒரே பெயரில் இரண்டு பட்டங்கள் வந்த கதை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஸ்காட்லாந்துப் பிரபு குடும்பங்களின் வரலாற்றைப் படிப்பவர்கள் 'ஏர்ல் ஆஃப் மார்' என்ற பெயரில் கட்டாயம் ஒருமுறை தடுமாறுவார்கள். ஒரே பெயர், ஒரே காலம், இரண்டு ஆட்கள். சிலர் இதை அச்சுப்பிழை என்றே நினைத்துவிடுகிறார்கள். பிழை இல்லை, உண்மையிலேயே இரண்டு பட்டங்கள் இருக்கின்றன. அது எப்படி நடந்தது என்பதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கும் மேல் பின்னால் போக வேண்டும். வாசகர்கள் பொதுவாகக் கேட்கும் கேள்விகளை வைத்தே சொல்லிவிடுகிறேன்.

மார் என்பது எங்கே இருக்கிறது? பட்டம் எவ்வளவு பழையது?

வடகிழக்கு ஸ்காட்லாந்தில், இன்றைய அபர்டீன்ஷயரில், டீ, டான் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே உள்ள நிலப்பகுதிதான் மார். கில்ட்ரம்மி கோட்டை அதன் தலைமையிடம். நிலப்பிரபுத்துவச் சட்டங்கள் வேரூன்றுவதற்கு முன்பே, கெய்லிக் மொழி பேசிய காலத்தில், இந்த நிலத்தை 'மோர்மேர்' என்ற தலைவர்கள் ஆண்டார்கள். அவர்களில் ருவாத்ரி என்பவரின் பெயர் 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து ஆவணங்களில் கிடைக்கிறது. சுமார் 1115 என்று கணக்கிடுவார்கள். பிற்பாடு அதே தலைவர்களை ஏர்ல் என்று அழைக்கத் தொடங்கினார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எந்த மன்னரும் ஒரு நாள் உட்கார்ந்து 'இன்று முதல் நீ மார் ஏர்ல்' என்று எழுதிக் கொடுத்ததாக ஆவணம் கிடையாது. பட்டம் பட்டயத்தைவிட மூத்தது. பின்னால் வந்த சண்டை முழுவதற்கும் இதுதான் வேர்.

ஏர்ல் என்பது எந்த அளவுக்குப் பெரிய பதவி?

ஸ்காட்லாந்து வரிசையில் டியூக், மார்க்வெஸ், ஏர்ல், விஸ்கவுண்ட், அப்புறம் 'லார்ட் ஆஃப் பார்லிமென்ட்'. ஆனால் டியூக், மார்க்வெஸ் எல்லாம் பின்னால் வந்தவை. பழைய ஸ்காட்லாந்தில் மன்னருக்கு அடுத்த நிலை ஏர்ல்தான். ஏர்ல் பட்டத்தை ஒரு பெண் தன் சொந்த உரிமையில் வைத்திருந்தால் அவர் கவுண்டஸ்.

சொந்த உரிமையில் பெண் வைத்திருக்க முடியுமா?

முடியும். ஸ்காட்லாந்தின் பழைய பட்டங்கள் பலவற்றில் மகன் இல்லாவிட்டால் மகளுக்குப் போகும். பல மகள்கள் இருந்தால் மூத்தவளுக்குப் போகும். இங்கிலாந்தின் பழைய 'பாரன்' (Baron) பட்டங்களில் மகள்கள் எல்லோரும் சமபங்கு வாரிசுகள் என்பதால் பட்டம் யாருக்கும் இல்லாமல் அந்தரத்தில் தொங்கும். ஸ்காட்லாந்தில் அந்தச் சிக்கல் இல்லை.

ஆனால் எல்லாப் பட்டங்களுக்கும் இது பொருந்தாது. பட்டம் தந்த பட்டயத்தில் 'ஆண் வழி வாரிசுகளுக்கு மட்டும்' என்று எழுதியிருந்தால் அதோடு சரி, மகளுக்கு வழியில்லை. ஒருவர் தன் பட்டத்தை மன்னரிடம் ஒப்படைத்து, வாரிசு வரிசையை மாற்றி எழுதித் திரும்ப வாங்கிக்கொள்வதும் அங்கே வழக்கம். ஆகவே எந்த ஸ்காட்டிஷ் பட்டத்தைப் பற்றிப் படித்தாலும் முதலில் தேட வேண்டியது பட்டயத்தின் வாசகத்தை. மாருக்கு அந்த வாசகம் இல்லை என்பதால்தான் இவ்வளவு பெரிய தகராறு.

1404-ல் கில்ட்ரம்மி கோட்டையில் என்ன நடந்தது?

இந்த வரலாற்றிலேயே நான் அதிகம் யோசித்தது இந்தப் பகுதியைப் பற்றித்தான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மார் ஏர்ல் டொனால்ட், ஸ்காட்லாந்தின் ஆட்சிக் காப்பாளராக இருந்தபோது 1332-ல் டுப்லின் மூர் (Dupplin Moor) போரில் கொல்லப்பட்டார். அவர் மகன் தாமஸ் 1370-களில் பிள்ளையில்லாமல் இறந்தார். ஆண் வழி அங்கே முடிந்தது. பட்டம் தாமஸின் சகோதரி மார்கரெட்டிடம் போனது. அவர் முதலாம் டக்ளஸ் ஏர்லின் மனைவி. அவர்கள் மகன் ஜேம்ஸ் 1388-ல் ஆட்டர்பர்ன் போரில் இறந்தார். கடைசியில் மார் நிலமும் பட்டமும் மகள் இசபெல் டக்ளஸுக்கு வந்து சேர்ந்தன.

இசபெல்லின் கணவர் சர் மால்கம் டிரம்மண்ட். அரசியின் உடன்பிறந்தவர் என்றாலும் அது அவரைக் காப்பாற்றவில்லை. யாரோ அவரைப் பிடித்து அடைத்து வைத்தார்கள், சிறையிலேயே இறந்தார். இசபெல் விதவையாக, பெரும் நிலத்துக்கு ஒற்றை உரிமையாளராக நின்றார். அந்த நேரத்தில் வந்தவர் அலெக்சாண்டர் ஸ்டூவர்ட். 'பேடனாக்கின் ஓநாய்' என்று பெயரெடுத்த அரச குடும்பத்துப் பிரபுவுக்குத் திருமண உறவுக்கு வெளியே பிறந்த மகன் இவர். ஆட்களோடு வந்து கில்ட்ரம்மியைப் பிடித்துக்கொண்டார். 1404 ஆகஸ்ட் 12-ஆம் தேதி இசபெல்லிடமிருந்து ஒரு பட்டயம் எழுதி வாங்கினார். இருவருக்கும் குழந்தை இல்லாவிட்டால் மார் அலெக்சாண்டரின் வாரிசுகளுக்குப் போகும் என்பது அதன் சாரம்.

இப்படி வாங்கிய பட்டயம் நிற்காது என்று அவருக்கே புரிந்திருக்க வேண்டும். செப்டம்பரில் கோட்டை வாசலில், சாட்சிகள் முன்னிலையில், சாவிகளை இசபெல்லின் கையில் திருப்பிக் கொடுத்தார். 'கோட்டையும் நிலமும் உங்களுடையவை, நீங்கள் விரும்பியதைச் செய்யலாம்' என்ற பொருளில் நடந்த சடங்கு அது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டே இசபெல் அவரைக் கணவராக ஏற்றார். டிசம்பர் 9-ஆம் தேதிப் பட்டயத்தில் நிபந்தனை மாறியது. இருவருக்கும் குழந்தை இல்லாவிட்டால் மார் *இசபெல்லின்* வாரிசுகளுக்குப் போகும். மன்னர் மூன்றாம் ராபர்ட் உறுதி செய்தது இந்த இரண்டாவது ஏற்பாட்டைத்தான்.

படை சூழ நின்ற ஒரு பெண் 'விருப்பத்தோடு' ஏற்றார் என்பதை எவ்வளவு நம்பலாம்? என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. ஆனால் அவர் சும்மா பணிந்துவிடவும் இல்லை. ஆகஸ்டுக்கும் டிசம்பருக்கும் இடையில் வாரிசு உரிமை தன் குடும்பத்துக்கே திரும்பும்படி பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த ஒரு வரி 470 ஆண்டுகள் கழித்தும் வழக்கறிஞர்கள் வாயில் புரண்டது.

பிறகு பட்டம் ஏன் இசபெல்லின் உறவினர்களான எர்ஸ்கின் குடும்பத்துக்குப் போகவில்லை?

இசபெல் 1408-ல் குழந்தையில்லாமல் இறந்தார். அலெக்சாண்டர் 1411-ல் ஹார்லா போரில் படைநடத்தி நல்ல பெயர் எடுத்தார். 1426-ல் ஒரு காரியம் செய்தார். மாரை மன்னர் முதலாம் ஜேம்ஸிடம் ஒப்படைத்து, தனக்கும் தன் மகனுக்கும், அவர்களுக்குப் பிறகு அரசருக்கும் என்று திரும்ப எழுதி வாங்கிக்கொண்டார். மனைவி வழியில் ஆயுள் வரை அனுபவிக்க வந்த சொத்தை இன்னொருவருக்கு எழுதிவைக்க அவருக்கு என்ன உரிமை? எர்ஸ்கின் குடும்பம் கேட்டதும் இதைத்தான்.

1435-ல் அலெக்சாண்டர் இறந்ததும் அரசர் மாரை எடுத்துக்கொண்டார். சர் ராபர்ட் எர்ஸ்கின், டொனால்டின் சகோதரி எலைன் வழியில் வந்தவர். 1438-ல் முறைப்படி விசாரணை நடந்து, இசபெல்லின் வாரிசு அவரே என்று முடிவானது. அவரும் தன்னை மார் ஏர்ல் என்றே எழுதிக்கொண்டார். ஆனால் அரசரை எதிர்த்து நிலத்தைப் பிடித்து வைத்திருக்க முடியவில்லை. 1457-ல், இரண்டாம் ஜேம்ஸ் காலத்தில், அந்த விசாரணை முடிவே தவறு என்று அறிவித்தார்கள். அதன் பிறகு மார் பட்டம் அரச குடும்பத்து இளைய மகன்களுக்குப் போய்வந்தது.

1565-ல் மேரி அரசி செய்தது என்ன? பழையதைத் திருப்பிக் கொடுத்தாரா, புதிதாக உருவாக்கினாரா?

எல்லாம் இந்தக் கேள்வியில்தான் வந்து முட்டுகிறது.

1565 ஜூன் 23-ஆம் தேதி ஸ்காட்லாந்து அரசி மேரி, ஜான் எர்ஸ்கின் பிரபுவுக்கு ஒரு பட்டயம் கொடுத்தார். அவருடைய முன்னோர் ராபர்ட்டுக்குச் சேர வேண்டியதை அநியாயமாக மறுத்துவிட்டார்கள், அதைத் திருப்பித் தருகிறேன் என்ற தொனியில் எழுதப்பட்டது. வாரிசு உரிமையும் ஆண் வழிக்கு மட்டும் என்று சுருக்கப்படவில்லை. அடுத்த மாதம், ஜூலை 29-ல், அரசிக்கும் டார்ன்லி பிரபுவுக்கும் திருமணம். அதை ஒட்டிய நாட்களிலிருந்து எர்ஸ்கின் பிரபு 'மார் ஏர்ல்' என்று பதிவேடுகளில் வருகிறார்.

திருமணத்தை ஒட்டிப் புதுப் பட்டம் கொடுத்ததாக ஒரு பட்டயம் இருக்கிறதா என்றால், இல்லை. பின்னால் ஆட்சிக் காப்பாளராகவும் இருந்து 1572-ல் இறந்தவர் இவர். இவர் மகன் மன்னர் ஆறாம் ஜேம்ஸோடு சேர்ந்து வளர்ந்தவர்.

1606-ல் ஸ்காட்லாந்துப் பிரபுக்களின் மூப்பு வரிசையை அதிகாரபூர்வமாக முடிவு செய்தார்கள். அதில் மார், 15-ஆம் நூற்றாண்டில் உருவான ரோத்ஸ், மார்ட்டன் போன்ற பட்டங்களுக்கு முன்னால் நிற்கிறது. 1565-ல் புதிதாகப் பிறந்த பட்டம் என்று அன்றைய ஆட்கள் நினைத்திருந்தால் அந்த இடம் கிடைத்திருக்குமா?

1715 கலகத்துக்கும் இந்தக் குடும்பத்துக்கும் என்ன தொடர்பு?

அந்தக் கலகத்தின் தலைவரே இவர்கள் வீட்டு ஆள்தான். ஜான் எர்ஸ்கின், 1565 கணக்கில் ஆறாவது ஏர்ல். கட்சி மாறிக்கொண்டே இருந்ததால் மக்கள் 'பாபிங் ஜான்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். 1707-ல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இணைந்ததற்கு ஆதரவாக வேலை செய்தவர். முதலாம் ஜார்ஜ் அவரை ஒதுக்கியதும், நாட்டை விட்டு வெளியேற்றப்பட்ட ஸ்டூவர்ட் வம்சத்துக்காக 1715 செப்டம்பர் 6-ல் பிரேமாரில் கொடியேற்றினார். நவம்பர் 13-ல் ஷெரிஃப்மூரில் நடந்த போரில் ஆள்பலம் அவர் பக்கம்தான் அதிகம், ஆனாலும் வெல்லத் தெரியவில்லை. 1716 பிப்ரவரியில் கப்பலேறிப் போனவர் திரும்பவே இல்லை. அந்த ஆண்டே துரோகக் குற்றத்துக்காகப் பட்டமும் நிலமும் பறிபோயின. 1732-ல் வெளிநாட்டிலேயே இறந்தார்.

அப்படியானால் 1824-ல் யாருக்கு, எந்த வழியில் திரும்பக் கிடைத்தது?

பாபிங் ஜானின் மகன் தாமஸ் பிள்ளையில்லாமல் இறந்தார். மகள் பிரான்சஸ், தன் சித்தப்பா கிரேஞ்ச் பிரபுவின் மகன் ஜேம்ஸ் எர்ஸ்கினைத் திருமணம் செய்துகொண்டார். (கிரேஞ்ச் பிரபு என்றதும் அவர் மனைவி ரேச்சல் நினைவுக்கு வராமல் இருக்காது. 1732-ல் அந்தப் பெண்ணை எடின்பரோ வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போய், பிறகு கடலுக்கு நடுவே செயின்ட் கில்டா தீவில் ஆண்டுக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். 1745-ல் இறக்கும்வரை அவருக்கு விடுதலை கிடைக்கவில்லை. பரம்பரை அட்டவணையில் அவருக்கு ஒரு பெயரும் ஒரு கோடும் மட்டும்தான்.)

பிரான்சஸ், ஜேம்ஸ் தம்பதியின் மகன் ஜான் பிரான்சிஸ் எர்ஸ்கின். 1824-ல் நாடாளுமன்றச் சட்டம் ஒன்று இவருக்குப் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தது. அவரைப் பாபிங் ஜானின் 'பேரன்' என்று சொல்லித்தான் கொடுத்தது. தாய் வழியில்தான் அவர் பேரன். தந்தை வழியில் பார்த்தால் தம்பியின் பேரன். சட்டம் எந்த உறவைச் சொன்னது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கெல்லி பட்டம் இடையில் எங்கிருந்து வந்தது?

எர்ஸ்கின்களின் இன்னொரு கிளை அது. 1600-ல் கவ்ரி சதியின்போது ஆறாம் ஜேம்ஸைக் காப்பாற்றியவர்களில் ஒருவரான சர் தாமஸ் எர்ஸ்கினுக்கு 1619-ல் கெல்லி ஏர்ல் பட்டம் கிடைத்தது. ஆண் வழிப் பட்டம். அந்தக் கிளையில் வாரிசு அற்றுப்போனதும், 1835-ல், மார் ஏர்லாக இருந்த ஜான் பிரான்சிஸ் மில்லர் எர்ஸ்கினுக்கு அதுவும் சேர்ந்தது. இரண்டு பட்டமும் ஒரே ஆளிடம் இருந்தவரை யாருக்கும் கவலை இல்லை.

1866-ல் ஏன் தகராறு வெடித்தது?

அவர் 1866-ல் பிள்ளையில்லாமல் இறந்தார். கெல்லி, சந்தேகமில்லாமல் ஆண் வழி உறவினர் வால்டர் கானிங்ஸ்பி எர்ஸ்கினுக்கு. மார்? இறந்தவருடைய சகோதரியின் மகன் ஜான் பிரான்சிஸ் குடீவ் நெருங்கிய வாரிசு. அவர் எர்ஸ்கின் பெயரையும் சேர்த்துக்கொண்டு மார் ஏர்ல் ஆனார். முதலில் பெரும்பாலோர் அதை இயல்பாகவே எடுத்துக்கொண்டார்கள்.

1867-ல் கெல்லி ஏர்ல், பிரிட்டன் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் மனுப் போட்டார். மார் பட்டமும் ஆண் வழிதான், அதுவும் எனக்கே என்றார். 1872-ல் அவர் இறந்ததும் மகன் தொடர்ந்தார். 1875 பிப்ரவரி 25-ல் சபையின் சிறப்புரிமைக் குழு கெல்லி பக்கம் தீர்ப்பளித்தது. அவர்கள் வாதம் இப்படிப் போனது: பழைய மார் பட்டம் எப்போதோ அற்றுப்போனது. 1565 ஜூன் பட்டயம் நிலத்தைப் பற்றியது மட்டும். பிரபுப் பட்டத்தை மேரி அரசி தன் திருமணத்தை ஒட்டிப் புதிதாக உருவாக்கியிருக்க வேண்டும். அதற்கான ஆவணம் இல்லை. ஆவணம் இல்லாத பட்டம் ஆண் வழிக்கே என்று கொள்ள வேண்டும்.

அந்தத் தீர்ப்பு சரியா?

சட்ட வல்லுநர்கள் இன்றும் இரண்டு பக்கமும் பேசுகிறார்கள். நான் என் கருத்தை ஒளிக்கப் போவதில்லை, தவறு என்றே நினைக்கிறேன்.

இல்லாத ஒரு பட்டயத்தை இருந்ததாகக் கற்பனை செய்து, அதில் இல்லாத ஒரு நிபந்தனையையும் தாங்களே எழுதிக்கொண்டார்கள். கையில் இருந்த ஜூன் பட்டயத்தையோ தள்ளி வைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டு வழக்கறிஞர்களுக்குப் பட்டம் வேறு, நிலம் வேறு. 15, 16-ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தில் அப்படிப் பிரித்துப் பார்க்கவே இல்லை. ஏர்ல்டம் என்ற நிலத்தை வைத்திருப்பவர்தான் ஏர்ல். மார்கரெட், இசபெல் என்று பெண்கள் வழியாகவே வந்த பட்டம், எலைன் என்ற பெண் வழியாகவே எர்ஸ்கின்களுக்கு உரிமை வந்தது, பிரான்சஸ் என்ற பெண்ணின் மகன் என்று சொல்லித்தான் 1824-ல் திரும்பக் கிடைத்தது. இத்தனைக்கும் பிறகு 'இது ஆண் வழி' என்பதை எப்படி ஏற்பது?

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். 1457 முதல் 1565 வரை பட்டம் எர்ஸ்கின்களிடம் இல்லை, வேறு ஆட்களுக்கு அரசர்கள் கொடுத்திருக்கிறார்கள் என்பது உண்மை. குழு அந்த இடைவெளியைப் பெரிதாக எடுத்துக்கொண்டதை வெறும் பிடிவாதம் என்று தள்ள முடியாது.

பிறகு இரண்டு பட்டம் எப்படி வந்தது?

ஸ்காட்லாந்தில் பலருக்குத் தீர்ப்பு பிடிக்கவில்லை. குடீவ்-எர்ஸ்கினும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் குழுவின் தீர்ப்பை மாற்ற மேல்முறையீடு கிடையாது. ஆகவே நாடாளுமன்றமே 1885-ல் 'மார் ஏர்ல் பட்ட மீட்புச் சட்டம்' கொண்டுவந்தது. பழைய பட்டம் அழியவில்லை, அது குடீவ்-எர்ஸ்கினுக்கு உரியது என்றது சட்டம். அதேசமயம் 1875-ல் கெல்லிக்குக் கிடைத்ததையும் பறிக்கவில்லை.

விளைவு: பழைய மார் பட்டம் பெண் வழியிலும் போகும், 1565 மார் பட்டம் ஆண் வழியில் கெல்லியோடு சேர்ந்து 'மார் அண்ட் கெல்லி' என்று போகும். 1565-ல் உண்மையில் ஒரே ஒரு காரியம்தான் நடந்தது. சட்டப்படி இன்று அது இரண்டு காரியம்.

ஒரே ஆளை ஒரு புத்தகம் 9-ஆவது ஏர்ல் என்கிறது, இன்னொன்று 26-ஆவது என்கிறது. எது சரி?

இரண்டும். 1565-லிருந்து எண்ணினால் 1866-ல் இறந்தவர் ஒன்பதாவது. பழைய மோர்மேர்களிலிருந்து எண்ணினால் இருபத்தாறாவது. தொடக்க காலத் தலைவர்களில் யாரைச் சேர்ப்பது என்பதில் வேறுபாடு இருப்பதால் இரண்டாவது கணக்கு புத்தகத்துக்குப் புத்தகம் சற்று மாறலாம்.

பிரபுக்கள் சபையில் இவர்கள் இருந்தார்களா?

இருவருமே இருந்தார்கள். 1963 சட்டத்துக்கு முன் ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் தங்களுக்குள் 16 பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்புவார்கள். அந்தச் சட்டம் எல்லோருக்கும் இடம் கொடுத்தது, சொந்த உரிமையில் பட்டம் வைத்திருந்த பெண்களுக்கும்.

அதனால் 1975-ல் தந்தைக்குப் பிறகு பழைய பட்டத்துக்கு வந்த மார்கரெட், 31-ஆவது மார் கவுண்டஸ், சபையில் அமர முடிந்தது. ஆட்டுப்பால் சீஸ் செய்து விற்ற விவசாயி அவர். ஆடுகளைக் குளிப்பாட்டும் ஆர்கனோபாஸ்பேட் மருந்தால் விவசாயிகளுக்கு வரும் பாதிப்பைப் பற்றி ஆண்டுக்கணக்கில் விடாமல் பேசினார். 1999-ல் பரம்பரைப் பிரபுக்களைக் குறைத்தபோது தங்கிய 92 பேரில் ஒருவர். 2020-ல் அவர் ஓய்வு பெற்றபோது சபையில் மிஞ்சியிருந்த பரம்பரைப் பிரபுக்களில் பெண் என்று ஒருவரும் இல்லை. அவருக்கு மகன் இல்லை, மகள்தான் வாரிசு. அப்படிப்பட்ட மகளை 'மிஸ்ட்ரஸ் ஆஃப் மார்' என்று அழைப்பது வழக்கம்.

மற்றப் பக்கத்தில் 14-ஆவது மார், 16-ஆவது கெல்லி ஏர்லுக்கு 1999-ல் இடம் போனது. 2000-ல் ஆயுட்காலப் பிரபுவாகத் திரும்ப வந்து, 2017 வரை இருந்தார். ஸ்டர்லிங் கோட்டையின் பரம்பரைக் காவலர் பொறுப்பும் எர்ஸ்கின் குலத் தலைமையும் இந்தக் கிளையிடம் உள்ளன.

பழைய ஆவணத்தில் 'ஏர்ல் ஆஃப் மார்' என்று வந்தால் எந்தப் பட்டம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

1866 ஜூனுக்கு முன் என்றால் கவலை வேண்டாம், ஒரே ஆள்தான். 1875-க்குப் பிறகு கெல்லி பெயரும் சேர்ந்து வந்தால் 1565 பட்டம். மார் மட்டும் தனியாக வந்து, குடும்பப் பெயர் குடீவ்-எர்ஸ்கின் அல்லது 'ஆஃப் மார்' என்றிருந்தால் பழைய பட்டம். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகள்தான் தொல்லை. அந்தக் காலத்துக் கடிதமோ செய்தியோ கிடைத்தால், எழுதியவர் யார் பக்கம் என்று முதலில் பாருங்கள். குடீவை மார் ஏர்ல் என்று எழுதுவதும் எழுதாமல் விடுவதும் அப்போது ஒரு நிலைப்பாடாகவே இருந்தது.